கணக்கேடு ஏந்திய அம்மையார்

புதுவைக் கடற்கரைச் சாலையிலே மாலை வேளையில் உலவச் செல்லும் தோழர்கள், காந்தியார் சிலைக்கு எதிரே இருக்கும் போர் நினைவுச் சின்னத்தைப் பார்த்திருப்பீர்கள். 1914 முதல் 1918 வரை நடந்த முதல் உலகப் போரில், பிரெஞ்சுக் கொடியின் கீழ்ப் போரிட்டு மாண்ட பிரெஞ்சிந்திய வீரர்களுக்காக 1938-ஆம் ஆண்டு திறந்து வைக்கப்பட்ட சின்னம் அது. ஆண்டுதோறும் ஜூலை 14-ஆம் நாள் அங்கே மலர்வளையம் வைக்கிறார்கள். பிரெஞ்சுப் படையிலே பணியாற்றி ஓய்வு பெற்று ஊர் திரும்பிய முதியவர்கள் — சொல்தா என்று நம் ஊர் மக்கள் அழைப்பார்களே, அவர்கள்தான் — பதக்கங்களை மார்பில் அணிந்து வந்து நிற்பார்கள்.

மாண்டவனுக்குச் சின்னம் எழுப்பினார்கள். நல்லது. ஆனால் மாளாமல் திரும்பியவன்? காலை இழந்தவன், கண்ணை இழந்தவன், காய்ச்சலும் சீதபேதியும் உடலை உருக்கிவிட, ஆஸ்பத்திரிக் கட்டிலிலே கிடப்பவன், கிழவனான பிறகு கஞ்சிக்கு வழியில்லாமல் திண்டாடுபவன், அவனுக்காக வாதாட யார் வந்தார்கள்?

ஒரு பெண் வந்தார். இங்கிலாந்திலே, செல்வச் சீமானின் வீட்டிலே பிறந்த பெண். புளோரன்ஸ் நைட்டிங்கேல் அம்மையார்.

பெயரைச் சொன்னதும், பள்ளிப் புத்தகத்திலே பார்த்த படம் நினைவுக்கு வரும். கையிலே விளக்கு, இருட்டிலே கட்டில் கட்டிலாகச் செல்லும் மெல்லிய உருவம், நிமிர்ந்து பார்க்கும் நோயாளி. அந்தப் படம் பொய்யல்ல. ஆனால் அது பாதிக் கதை. அந்த விளக்கு எரிந்த காலம் இரண்டு ஆண்டுகூட நிறையாதது. அதற்குப் பிறகு ஐம்பது ஆண்டுக்கு மேல் அவர் வாழ்ந்தார். அந்த ஆண்டுகளில் அவர் கையிலே இருந்தது விளக்கல்ல, கணக்கேடு! செத்தவர் எத்தனை பேர், ஏன் செத்தார்கள், யார் பொறுப்பு என்று எழுதி எழுதிச் சர்க்காரின் முன் நீட்டிய கணக்கேடு. அந்த மறுபாதியைத்தான் உழைக்கும் தோழர்கள் அறிந்துகொள்ள வேண்டும்.

மாளிகையிலே பிறந்த மகள்

1820-ஆம் ஆண்டு மே 12-ஆம் நாள், இத்தாலி நாட்டின் புளோரன்ஸ் நகரிலே பிறந்தார். ஊரின் பெயரையே குழந்தைக்கு வைத்தார்கள். தந்தைக்கு இங்கிலாந்தில் இரண்டு பெரிய பண்ணை மாளிகைகள். ஒன்று டெர்பிஷயரில், மற்றொன்று ஹாம்ப்ஷயரில். வேனிற்காலத்துக்கு ஒரு வீடு, மற்ற நாட்களுக்கு ஒரு வீடு. விருந்து, நடனம், வேலைக்காரர் பட்டாளம்.

அந்தக் காலத்துச் சீமான் வீட்டுப் பெண்ணுக்கு விதிக்கப்பட்டிருந்த வேலை, பியானோ வாசிப்பதும் மாப்பிள்ளைக்குக் காத்திருப்பதும்தான். புளோரன்சின் தந்தை ஒரு வகையில் மாறுபட்டவர். மகளுக்குத் தானே கிரேக்கம் கற்பித்தார், லத்தீன் கற்பித்தார், வரலாறு கற்பித்தார். மகளுக்கோ கணக்கிலே ஆசை. எண்களைக் கண்டால் பிறருக்குத் தலைவலி வரும். இந்தப் பெண்ணுக்குத் தலைவலி தீரும்! பிற்காலத்தில் ஒரு பேரரசின் படைத்துறையையே திணற அடிக்கப் போகும் ஆயுதத்தை அந்த நாளிலேயே தீட்டத் தொடங்கிவிட்டார்.

1845-ஆம் ஆண்டு, தமக்கு 25 வயதானபோது, மருத்துவமனைக்குச் சென்று நோயாளிகளைப் பார்த்துக்கொள்ளும் தொழிலைக் கற்கப் போகிறேன் என்றார். வீடு கொதித்தது. தாய் அழுதார். தமக்கை மயங்கி விழாத குறை. காரணம் இல்லாமல் இல்லை. நர்ஸ் என்றால் குடிகாரி, ஒழுக்கமற்றவள், வேறு வேலை கிடைக்காதவள் என்பதுதான் அன்றைய இங்கிலாந்தின் எண்ணம். சீமான் மகள் அங்கே போவதா? புண்ணைத் துடைப்பதா? மலச்சட்டியை எடுப்பதா?

இந்தக் குரல் நமக்குப் பழக்கமான குரல்தான், தோழர்களே! எதைத் தொட்டால் தீட்டு, எந்த வேலை யாருக்கு இழிவு என்று நூல் பிடித்து அளந்து வைத்திருந்த நாடல்லவா நம் நாடு? அங்கே சாதியின் பெயர் இல்லை, அந்தஸ்து என்ற பெயர் இருந்தது. துடைக்கிற கையை விடத் துடைக்க வைக்கிற கை உயர்ந்தது என்ற எண்ணம் மட்டும் இரண்டு இடத்திலும் ஒன்றுதான்.

ஆண்டுகள் சென்றன. நல்ல குடும்பத்து இளைஞர், கவிஞர், பாராளுமன்ற உறுப்பினர் ஒருவர், மணம் புரிந்துகொள்ளக் கேட்டார். 1849-இல் மறுத்துவிட்டார். 1851-இல் ஜெர்மனியிலே கைசர்ஸ்வெர்த் என்ற ஊரிலிருந்த சேவை நிலையத்துக்குச் சென்று, சுமார் மூன்று மாதம் தங்கித் தொழில் கற்றார். 1853-இல் லண்டனில் ஒரு சிறு மருத்துவ நிலையத்தின் பொறுப்பை ஏற்றார். சம்பளம் கிடையாது. தந்தை ஆண்டுக்கு 500 பவுன் கொடுத்தார். எட்டாண்டு போராட்டத்துக்குப் பிறகு கிடைத்த விடுதலை அது.

ஸ்குட்டாரி

அந்த ஆண்டே போர் மூண்டது. ரஷ்ய ஜார் ஒரு பக்கம், துருக்கி ஒரு பக்கம். துருக்கிக்குத் துணையாக இங்கிலாந்தும் பிரான்சும் 1854 மார்ச்சில் களத்தில் குதித்தன. பிரான்சை அப்போது ஆண்டவர் மூன்றாம் நெப்போலியன். நம் புதுவையும் அவர் ஆட்சிக்கு உட்பட்டுத்தான் இருந்தது. கருங்கடல் ஓரத்துக் கிரிமியாவில் நடந்ததால் கிரிமியப் போர் என்று பெயர்.

கிரிமியாவில் அடிபட்ட ஆங்கிலச் சிப்பாயைக் கப்பலில் ஏற்றி, கருங்கடலைக் கடந்து, கான்ஸ்டான்டிநோபிள் நகருக்கு எதிர்க்கரையில் உள்ள ஸ்குட்டாரி என்ற இடத்துக்குக் கொண்டுவந்தார்கள். அங்கே துருக்கியர் கொடுத்த பெரிய படைவீட்டை ஆஸ்பத்திரி என்று பெயரிட்டுத் திறந்திருந்தார்கள். பெயர்தான் ஆஸ்பத்திரி! அங்கே கட்டு கட்டத் துணி இல்லை, படுக்கக் கட்டில் இல்லை என்று லண்டன் டைம்ஸ் ஏட்டின் போர்முனை நிருபர்கள் எழுதினார்கள். பிரெஞ்சுக்காரர்களின் மருத்துவமனைகளில் கருணைச் சகோதரிகள் என்ற கன்னியர் வந்து பணி செய்கிறார்களே, நம்மவர்களுக்கு அப்படி யாரும் இல்லையா என்று கேட்டார்கள். இங்கிலாந்து வெட்கத்தால் துடித்தது.

போர்த்துறை அமைச்சர்களில் ஒருவரான சிட்னி ஹெர்பர்ட், புளோரன்சை நன்கு அறிந்தவர். செல்ல முடியுமா என்று கேட்டு எழுதினார். செல்லலாமா என்று கேட்டு அவர் எழுதிய கடிதமும் அதே நேரத்தில் புறப்பட்டு வழியிலே கடந்து சென்றது. 1854 அக்டோபர் 21-ஆம் நாள், 38 பெண்களுடன் புறப்பட்டார். கத்தோலிக்கக் கன்னியர் இருந்தார்கள், ஆங்கிலத் திருச்சபையைச் சேர்ந்தோர் இருந்தார்கள், கூலிக்கு வேலை செய்யும் நர்சுகள் இருந்தார்கள். நோயாளியின் படுக்கையருகே மதச் சண்டை கூடாது என்பது அவர் வகுத்த விதி.

அந்தப் போர்முனைக்குச் செல்ல விரும்பிய மற்றொரு பெண்ணையும் இங்கே நினைக்க வேண்டும். மேரி சீகோல், ஜமைக்கா தீவின் கறுப்பினப் பெண்மணி. காலராவுக்கு மருத்துவம் பார்த்து அனுபவம் பெற்றவர். லண்டனில் அதிகாரிகளின் கதவைத் தட்டினார். திறக்கவில்லை. அவர் அதற்காகச் சோர்ந்து உட்காரவில்லை. சொந்தச் செலவில் கிரிமியா சென்று, பாலக்ளாவா அருகே விடுதி வைத்து, சிப்பாய்களுக்கு உணவும் மருந்தும் தந்தார். இந்தப் பெயர் நெடுங்காலம் மறைந்து கிடந்தது.

நவம்பர் 4-ஆம் நாள் புளோரன்ஸ் ஸ்குட்டாரியில் இறங்கினார். மறுநாளே இன்கர்மன் போர். காயம்பட்டோர் ஆயிரக்கணக்கில் வரத் தொடங்கினர்.

அங்கே என்ன கண்டார்? நடைபாதைகளிலும் கூடங்களிலும் வரிசை வரிசையாகக் கிடந்த நோயாளிகளின் நீளம் சுமார் 4 மைல்! தரையெல்லாம் அழுக்கு. எலியும் பேனும் குடும்பம் நடத்தின. கட்டிடத்தின் அடியிலே சாக்கடைகள் அடைபட்டு நாறின. டாக்டர்களோ, பெண்கள் இங்கே எதற்கு என்று முகம் சுளித்தார்கள். அழைக்கும் வரை எந்த நர்சும் நோயாளியைத் தொடக்கூடாது என்று புளோரன்சே கட்டளையிட்டார். சட்டை தைத்தார்கள், தலையணை தைத்தார்கள், காத்திருந்தார்கள். காயம்பட்டோர் வெள்ளமாக வந்து குவிந்தபோது டாக்டர்களே வந்து அழைத்தார்கள்.

அடுத்த எதிரி, விதிப்புத்தகம். சிப்பாய் ஆஸ்பத்திரிக்கு வரும்போது தன் சட்டையைத் தானே கொண்டுவர வேண்டும் என்பது விதி. ஆனால் கிரிமியாவில் கரையிறங்கியபோதே மூட்டையை விட்டுவிட்டு நடக்கச் சொன்னது மேலிடத்துக் கட்டளை. மூட்டை இல்லாதவனுக்குச் சட்டை ஏது? சட்டை இல்லாதவனுக்கு விதிப்படி சட்டை கொடுக்க முடியாது! கப்பலில் சட்டைகள் வந்து இறங்கின. குழு கூடி அனுமதி தரும்வரை பெட்டியைத் திறக்கக்கூடாது என்றார் பண்டகசாலை அதிகாரி. குளிரிலே ஒருவன் நடுங்க, அவனுக்காக வந்த சட்டை பெட்டிக்குள்ளே இருந்தது.

புளோரன்ஸ் மனுப் போட்டுக் காத்திருக்கவில்லை. பொதுமக்கள் டைம்ஸ் ஏட்டின் மூலம் திரட்டிய பணமும் தம் சொந்தப் பணமும் கையில் இருந்தன. சந்தையிலே வாங்கினார். தட்டு, கரண்டி, சோப்பு, துண்டு, துடைப்பம்! ஒரு வீட்டை வாடகைக்கு எடுத்து, கொப்பரை வைத்து, சிப்பாய்களின் மனைவிமார்களைக் கூலிக்கு அமர்த்தித் துணி வெளுக்க வைத்தார். இடிந்து கிடந்த ஒரு பகுதியை ஆள் வைத்துப் பழுது பார்த்து, சுமார் 800 பேருக்கு இடம் உண்டாக்கினார். செலவை ஒப்புக்கொள்ள வேண்டிய நிலைக்குச் சர்க்கார் பிறகு வந்தது.

இரவிலே விளக்கை எடுத்துக்கொண்டு சுற்றி வந்தது அப்போதுதான். மடக்கி வைக்கும் துருக்கி நாட்டுக் கூண்டு விளக்கு அது. அந்தக் காட்சியை லண்டன் ஏடு ஒன்று 1855 பிப்ரவரியில் படமாக வெளியிட்டது. உலகம் அந்தப் படத்தைப் பிடித்துக்கொண்டது.

பிடித்தம்

சிப்பாயின் நாட்சம்பளம் ஒரு ஷில்லிங். அதாவது 12 பென்ஸ். அவன் ஆஸ்பத்திரியில் படுத்தால் அந்தச் சம்பளத்திலே பிடித்தம். குண்டடி பட்டுப் படுத்தவனுக்கு நாளொன்றுக்கு நாலரைப் பென்ஸ். நோயால் படுத்தவனுக்கு 9 பென்ஸ்!

பாருங்கள் இந்த நியாயத்தை. சேற்றிலே நிற்க வைத்தவர் யார்? அழுகிய தண்ணீரைக் குடிக்கக் கொடுத்தவர் யார்? போர்வை இல்லாமல் பனியிலே காவல் காக்க வைத்தவர் யார்? அதனால் வந்த சீதபேதிக்கு அபராதம் சிப்பாயின் கூலியிலே! ஆலையிலே பஞ்சு தூசு நுரையீரலை அடைத்தால், அது உன் குற்றம் என்று கூலியைக் குறைக்கும் முதலாளியின் நியாயம் இதுதானே? நோயுற்ற நாளுக்கும் தொழிலாளிக்குப் பணம் உண்டு என்று நம் நாட்டிலே சட்டம் வந்தது 1948-இல், ஈ.எஸ்.ஐ. சட்டத்தின் மூலம். அதற்கு 93 ஆண்டுகளுக்கு முன்பே, படைவீரனுக்காக அந்த வாதத்தை எடுத்தார் புளோரன்ஸ். விக்டோரியா அரசி, வீரர்களுக்கு என்ன வேண்டும் என்று கேட்டனுப்பியபோது, சால்வையும் வாசனைத் தைலமும் கேட்கவில்லை. இந்தப் பிடித்தத்தை எடுத்துச் சொன்னார். 1855 தொடக்கத்திலேயே, நோயாளிக்கும் காயம்பட்டவனுக்கும் ஒரே பிடித்தம், நாலரைப் பென்ஸ் என்று ஆணை பிறந்தது.

சிப்பாய் குடிகாரன், கையிலே காசு கொடுத்தால் கள்ளுக்கடைக்குத்தான் போவான் என்பது அதிகாரிகளின் வேதவாக்கு. புளோரன்ஸ் நம்பவில்லை. ஊருக்குப் பணம் அனுப்ப வழி செய்துகொடுங்கள், அனுப்புகிறானா இல்லையா பாருங்கள் என்றார். வாரம் ஒரு நாள் தம் அறையிலே உட்கார்ந்து, சிப்பாய்கள் கொண்டுவந்த பணத்தைத் தாமே வாங்கி இங்கிலாந்துக்கு அனுப்பினார். பிறகு சர்க்கார் மணியார்டர் நிலையங்களைத் திறந்தது. ஆறு மாதத்துக்குள் வீடுகளுக்குச் சென்ற தொகை 71,000 பவுன்! மனைவிக்கும் தாய்க்கும் பிள்ளைக்கும் சென்ற பணம். குடிகாரன் என்று ஏசப்பட்டவன் அனுப்பிய பணம். படிப்பறைகள் திறந்தார், காப்பிக் கடை திறந்தார். எழுதத் தெரியாதவனுக்குக் கடிதம் எழுதித் தந்தார். மாண்டவனின் தாய்க்குத் தம் கையாலேயே செய்தி எழுதினார்.

தன் வீட்டுக் கணக்கையும் பார்த்தவர்

இதுவரை சொன்னது கனிவின் கதை. இனிச் சொல்வதுதான் கடினமான பகுதி.

அவ்வளவு பாடுபட்ட பிறகும், அந்த முதல் குளிர்காலத்திலே ஸ்குட்டாரியில் சாவு குறையவில்லை. கூடியது! 4,000-க்கு மேற்பட்ட வீரர்கள் அங்கே மாண்டனர். 1855 பிப்ரவரியில் சிகிச்சைக்கு வந்தவர்களில் நூற்றுக்கு 42 பேர் பிணமாயினர். குண்டால் அல்ல, காலராவால், சீதபேதியால், விஷக்காய்ச்சலால்.

மார்ச் மாதம் லண்டனிலிருந்து சுகாதாரக் குழு ஒன்று வந்தது. சதர்லண்ட் என்ற டாக்டர், ராலின்சன் என்ற பொறியாளர் முதலியோர் அதிலே இருந்தனர். தரையைத் தோண்டினார்கள். குடிநீர் வரும் கால்வாயிலே செத்த குதிரை கிடந்தது! முதல் இரண்டு வாரத்தில் 500-க்கு மேற்பட்ட கைவண்டிக் குப்பையை அள்ளினார்கள். சாக்கடையைக் கழுவினார்கள், சுவருக்குச் சுண்ணாம்பு அடித்தார்கள், காற்று வரச் சாளரம் திறந்தார்கள். ஜூன் மாதத்தில் சாவு நூற்றுக்கு இரண்டு அளவுக்கு இறங்கியது.

பிரெஞ்சுப் படையிலே தலைகீழாக நடந்தது. கருணைச் சகோதரிகள் அங்கே கடைசி வரை இருந்தார்கள், கனிவுக்குக் குறைவில்லை. சாக்கடையைத்தான் யாரும் பார்க்கவில்லை. 1856 தொடக்கத்திலே விஷக்காய்ச்சல் அந்த மருத்துவமனைகளைச் சூறையாடியது. அந்தப் போரில் மாண்ட பிரெஞ்சு வீரர் சுமார் 95,000. அவர்களிலே சுமார் 75,000 பேரைக் கொன்றது நோய். மாண்ட ஆங்கிலேயர் சுமார் 21,000. அவர்களிலும் சுமார் 16,000 பேர் நோய்க்கு இரையானவர்களே. எதிரியின் பீரங்கியை விட, சொந்த முகாமின் சாக்கடை பெரிய கொலைகாரன்!

1856 ஆகஸ்டில் புளோரன்ஸ் நாடு திரும்பினார். வரவேற்பு வளைவுகள், வாத்திய கோஷ்டி எல்லாம் தயார். அவரோ வேறு பெயரிலே பயணம் செய்து, சந்தடியில்லாமல் வீடு போய்ச் சேர்ந்தார். போற்றித் தந்த பட்டத்தைச் சூடிக்கொண்டு உட்கார்ந்திருக்கலாம். யார் கேட்கப் போகிறார்கள்?

அவரே கேட்டார். வில்லியம் ஃபார் என்ற புள்ளிவிவர அறிஞருடன் அமர்ந்து, மருத்துவமனை மருத்துவமனையாகச் சாவுக் கணக்கைப் போட்டார். விடை முகத்தில் அறைந்தது. படையின் மருத்துவமனைகளிலே சாவு மிக அதிகமாக இருந்த இடங்களில் முதன்மையானது, தாம் இருந்த ஸ்குட்டாரி! சட்டை கொடுத்தோம், சூப் கொடுத்தோம், கை பிடித்துக்கொண்டிருந்தோம். ஆனால் காலடியிலே இருந்த சாக்கடையை நாமும் பார்க்கத் தவறிவிட்டோம்.

இந்தக் கணக்கை அவர் மறைக்கவில்லை. 1858-இல் அச்சிட்ட, எண்ணூறு பக்கத்துக்கு மேற்பட்ட பெரிய அறிக்கையிலே எடுத்து வைத்தார். எண்களைப் படிக்கப் பொறுமையற்ற அமைச்சர்களுக்காக, வண்ண வட்டப் படங்களாக வரைந்தார். நோயால் மாண்டோர் ஒரு நிறம், காயத்தால் மாண்டோர் ஒரு நிறம். பார்த்தவுடன் புரியும். அந்த ஆண்டே, இங்கிலாந்தின் புள்ளிவிவரக் கழகம் ஒரு பெண்ணை முதல் தடவையாக உறுப்பினராக ஏற்றது. அந்தப் பெண் அவர்தான்.

தன் புகழுக்குத் தானே குழி தோண்டும் கணக்கை வெளியிட எத்தனை பேருக்கு நெஞ்சுரம் உண்டு? தவறு நடந்த இடத்திலே தலைவரின் படத்தை மாட்டி மறைப்பவர்களைப் பார்த்திருக்கிறோம். அவர் மறைக்காததால்தான், அடுத்த போரிலே அடுத்த தாயின் மகன் பிழைக்க வழி பிறந்தது.

மேலும் ஒன்று கண்டுபிடித்தார். போரே இல்லாத காலத்தில், இங்கிலாந்து மண்ணிலேயே, படைவீட்டில் இருக்கும் இளம் சிப்பாய்கள் ஆயிரத்துக்கு 17 முதல் 20 பேர் வரை ஆண்டுதோறும் சாகிறார்கள். வெளியே இருக்கும் அதே வயதுக்காரர் ஆயிரத்துக்கு 11 பேர்தான். ஆண்டுக்கு 1,100 இளைஞர்களை மைதானத்துக்கு அழைத்துப்போய் நிறுத்திச் சுட்டுக் கொல்வதற்கு ஒப்பான குற்றம் இது என்று சர்க்காருக்கு எடுத்துரைத்தார். 1857-இல் விசாரணைக் குழு அமைந்தது. ஹெர்பர்ட் தலைமை தாங்கினார். பின்னாலிருந்து இயக்கியவர் புளோரன்ஸ். படைவீடுகளுக்குக் காற்று வந்தது, நல்ல தண்ணீர் வந்தது, படை மருத்துவர்களுக்குத் தனிக் கல்லூரி 1860-இல் வந்தது.

இத்தனையும் செய்தது திடமான உடலா? இல்லை. 1855 மே மாதம் கிரிமியாவில் பற்றிய காய்ச்சல் அவரை முழுதாக விடவேயில்லை. 1857-க்குப் பிறகு பெரும்பாலும் படுக்கையிலேயே இருந்தார். அமைச்சர்கள் அந்தப் படுக்கையறையின் வாசலிலே காத்திருந்தார்கள்! வீரர்கள் தங்கள் ஒரு நாள் கூலியையும் சேர்த்துப் போட்டுத் திரட்டிய சுமார் 45,000 பவுன் நிதியைக் கொண்டு, 1860-இல் லண்டன் செயின்ட் தாமஸ் மருத்துவமனையிலே நர்சுப் பள்ளி திறந்தார். குடிகாரி என்று ஏசப்பட்ட தொழில், பயிற்சியும் சம்பளமும் மதிப்பும் உள்ள தொழிலாயிற்று. 1865-இல் லிவர்பூலின் ஏழையர் விடுதி மருத்துவமனைக்கும் பயிற்சி பெற்ற நர்சுகள் சென்றார்கள். காசில்லாதவனின் கட்டிலருகிலும் கற்றறிந்த கை வந்தது.

நம் நாட்டின் பக்கம்

அவர் இந்தியாவுக்கு வந்ததே இல்லை. ஆனால் இந்தியாவைப் பற்றி அவர் எழுதிக் குவித்தது, இங்கே வந்து வயிறு வளர்த்த துரைமார்கள் பலர் எழுதியதை விட அதிகம்.

1859-இல் இந்தியாவில் உள்ள படையின் சுகாதாரத்தை ஆராயக் குழு அமைத்தார்கள். ஒவ்வொரு தண்டுக்கும் கேள்வித்தாள் சென்றது. தண்ணீர் எங்கிருந்து வருகிறது, கழிவு எங்கே போகிறது, ஒரு அறையிலே எத்தனை பேர்? பதில்கள் வண்டி வண்டியாக அவர் வீட்டில் குவிந்தன. 1863-இல் அறிக்கை வந்தது. இந்தியாவில் இருந்த வெள்ளைச் சிப்பாய்களில் ஆண்டுதோறும் ஆயிரத்துக்கு 69 பேர் மாண்டுகொண்டிருந்தார்கள். வங்காளம், சென்னை, பம்பாய் மாகாணங்களில் சுகாதாரக் குழுக்கள் அமைந்தன. பத்தாண்டுக்குள் அந்த 69 என்ற எண் 18 ஆக இறங்கியதாகக் கணக்கு வந்தது.

அவர் முதலிலே எண்ணியது ஏகாதிபத்தியத்தின் வெள்ளைச் சிப்பாயைத்தான். உண்மையை உள்ளபடி சொல்ல வேண்டும். ஆனால் கணக்கு அவரை அங்கேயே நிற்க விடவில்லை. தண்டின் சுவருக்கு வெளியே ஊர் நாறினால், உள்ளே இருப்பவன் மட்டும் எப்படிப் பிழைப்பான்? ஊரைப் பார்த்தார். ஊருக்குப் பின்னால் கிராமத்தைப் பார்த்தார். கிராமத்தில் பஞ்சத்தைப் பார்த்தார். 1866 முதல் 1872 வரை சென்னை மாகாண ஆளுநராக இருந்த நேப்பியர் பிரபுவோடு — சென்னையில் அவர் பெயரால் பாலம் இருக்கிறதே, அவரேதான் — கடிதத் தொடர்பு வைத்திருந்தார். கொள்ளிடத்திலும் கோதாவரியிலும் அணை கட்டிய ஆர்தர் காட்டனுடன் சேர்ந்து, பாசனத்துக்குப் பணம் ஒதுக்குங்கள் என்று வாதாடினார். 1876 முதல் 1878 வரை தென்னாட்டைத் தின்ற தாது வருடப் பஞ்சத்தின்போது, அழியும் உழவனைப் பற்றி இந்திய மக்கள் என்ற தலைப்பிலே 1878-இல் கட்டுரை எழுதி, லண்டன் மாளிகைகளின் தூக்கத்தைக் கலைத்தார். தாதாபாய் நவுரோஜி போன்ற இந்தியத் தலைவர்கள் அவரை நண்பராகக் கருதினார்கள்.

திரும்பி வந்த வீரன்

தொடக்கத்திலே கேட்ட கேள்விக்கு வருகிறேன். திரும்பி வந்த வீரனுக்கு என்ன கிடைத்தது?

1854 அக்டோபர் 25-ஆம் நாள், பாலக்ளாவாவில், மேலிடத்தின் தவறான கட்டளையால், ஆங்கிலக் குதிரைப் படைப்பிரிவு ஒன்று ரஷ்யப் பீரங்கிகளின் வாயை நோக்கியே பாய்ந்தது. டென்னிசன் என்ற பெருங்கவிஞர் அதைப் பாடலாக்கினார். பள்ளிப் பிள்ளைகளெல்லாம் மனப்பாடம் செய்தனர். 36 ஆண்டுக்குப் பிறகு, 1890-இல், ஒரு செய்தி வெளிவந்தது. பாடலிலே வாழ்ந்த அந்த வீரர்களிலே பலர், வயிற்றுப்பாட்டுக்கு வழியில்லாமல் வறுமையிலே வாடுகிறார்கள்! நாடு அவர்களைப் பாடத் தெரிந்துகொண்டது, சோறு போடத் தெரிந்துகொள்ளவில்லை.

அவர்களுக்காக நிதி திரட்டினார்கள். புளோரன்சுக்கு அப்போது 70 வயது. ஒலியைப் பதிக்கும் எடிசனின் கருவி அப்போதுதான் புதிதாக வந்திருந்தது. 1890 ஜூலை 30-ஆம் நாள், லண்டனில் அவர் வீட்டுக்கே அதைக் கொண்டுவந்தார்கள். தம் பழைய பாலக்ளாவாத் தோழர்களை வாழ்த்தி, தாம் நினைவாகக்கூட இல்லாமல் வெறும் பெயராக மட்டும் ஆகிவிட்ட நாளிலும் தம் குரல் தம் வாழ்வின் பணியை எடுத்துச் சொல்லட்டும் என்ற கருத்தில் சில சொற்கள் பேசினார். அந்தக் குரல் இன்றும் இருக்கிறது. தமக்காக ஒரு சொல்லும் அதிலே கேட்கவில்லை.

இறுதிக் காலத்தில் பார்வை மங்கி மறைந்தது. இரவெல்லாம் விளக்கேந்தி நடந்தவர் இருட்டிலே அமர்ந்திருந்தார். 1907-இல் ஆர்டர் ஆஃப் மெரிட் என்ற உயர் விருது வந்தது. அதைப் பெற்ற முதல் பெண் அவர். 1910 ஆகஸ்டு 13-ஆம் நாள், 90-ஆவது வயதில் மறைந்தார். அரசர்கள் துயிலும் வெஸ்ட்மினிஸ்டர் ஆலயத்தில் இடம் தருகிறோம் என்றார்கள். குடும்பத்தார் ஏற்கவில்லை. ஹாம்ப்ஷயரில், பிறந்த குடும்பத்தின் ஊர் இடுகாட்டிலே புதைத்தார்கள். பெட்டியைச் சுமந்தவர்கள் பிரபுக்கள் அல்லர், ஆறு படைச் சார்ஜெண்டுகள். கல்லிலே அவருக்கெனப் பொறித்தது பெயரின் இரண்டு முதல் எழுத்துகளும், பிறப்பு இறப்புக் குறிப்பும்தான்.

தோழர்களே! நம் புதுவை, மருத்துவத்துக்குப் பழைய ஊர். அந்த அம்மையார் மூன்று வயதுக் குழந்தையாக இருந்த 1823-இலேயே, பிரெஞ்சுக்காரர் இங்கே மருத்துவப் பள்ளி தொடங்கினார்கள். அதன் வழியில் வளர்ந்ததுதான் இன்றைய ஜிப்மர். உங்கள் வீட்டுப் பெண்களும் தெருவுப் பெண்களும் வெள்ளுடை அணிந்து இரவுப் பணிக்குச் செல்கிறார்கள். இந்தோசீனத்துக்குச் சென்று வந்த கிழவரும், இந்தியப் படையில் எல்லை காத்து வந்தவரும், ஆலையிலே நாற்பதாண்டு நின்று கால் வீங்கியவரும் அவர்கள் கையிலேதான் வந்து சேர்கிறார்கள்.

மே 12-ஆம் நாளை உலகம் செவிலியர் நாளாகக் கொண்டாடுகிறது. அன்று விளக்கேற்றி உறுதிமொழி எடுப்பார்கள். ஏற்றட்டும். நாமும் போய் நின்று வாழ்த்துவோம். வாழ்த்திவிட்டுச் சில கணக்குகளையும் கேட்டுவிட்டு வருவோம். ஒரு நர்சுக்கு இன்றிரவு எத்தனை நோயாளிகள்? குழாயிலே வரும் தண்ணீர் எப்படி இருக்கிறது? போன மாதம் இந்த வார்டிலே மாண்டவர் எத்தனை பேர், எதனால்? கேட்டால் சிலருக்குக் கோபம் வரும். அவருடைய காலத்துத் துரைமார்களுக்கும் வந்தது.

கேட்பதை அவர் நிறுத்தவில்லை. நாமும் நிறுத்த வேண்டியதில்லை.